மூன்றில் ஒரு பங்கும் எல்லைக் கணக்கும்

போன மாதம் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. பயப்படாதீர்கள், அடிதடி எதுவும் இல்லை. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே தாத்தா விட்டுப்போன நிலம் ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். அப்பா, சித்தப்பா, அத்தை என்று மூன்று பங்கு. பி.காம் படிக்கிற பையன் வீட்டில் இருக்கிறான் என்று கணக்கு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. கால்குலேட்டரைத் தட்டி, ஆளுக்கு 33.33 சென்ட் என்று எழுதி வைத்தேன். அத்தை எட்டாவதோடு நின்றவர். ஆனால் சீட்டுக் கணக்கில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, மூணையும் கூட்டினா 99.99 தானே வருது. மிச்சம் யாருக்கு?"

மிச்சம் 0.01 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் இது சுமார் 4.36 சதுர அடி. ஒரு பாய் விரிக்கக்கூட இடம் பத்தாது. சித்தப்பா, "அப்ப 33.333ன்னு போடு" என்றார். போட்டால் மிச்சம் 0.001. இன்னொரு 3 சேர்த்தால் 0.0001. மிச்சம் சிறிதாகிக்கொண்டே போகிறதே தவிர ஒழிகிற வழியாகத் தெரியவில்லை. "எவ்வளவு போட்டாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் அத்தை" என்று சொல்லும்போதுதான் எனக்கே சுருக்கென்று உறைத்தது. பிளஸ் ஒன்னில் நான் தலைகீழாக நின்றும் புரியாமல் போன 'எல்லை' பாடம் இதுதானே!

வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும். எக்ஸ் என்பது 2ஐ நெருங்கும்போது (எக்ஸ் வர்க்கம் − 4) ÷ (எக்ஸ் − 2) என்பதன் எல்லை என்ன? நேராக 2ஐப் போட்டால் மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம். இதற்குத் தேறப்பெறாத வடிவம் என்று பெயர். (அந்தப் பரீட்சையில் தேறப்பெறாதவன் நான்தான், அது வேறு கதை.) மேலே இருப்பதைக் காரணிப்படுத்து, பொதுக்காரணியை அடி, பிறகு 2ஐப் போடு, விடை 4. வர்க்கமூலம் இருந்தால் இணையால் பெருக்கு. எதுவும் சரிப்படாவிட்டால் லோபிதாலின் விதி. இப்படி நாலைந்து வழிகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்துக் கணக்கு. பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று ஐந்தாம் வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே அந்தப் பூஜ்யத்தை ஏன் 'அடிக்கலாம்' என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "ரெண்டு மார்க் கொஸ்டின், ஸ்டெப்பை எழுதிட்டுப் போ" என்று பதில் வந்தது.

1.9ஐப் போட்டால் 3.9, 1.99ஐப் போட்டால் 3.99, மறுபக்கம் 2.01ஐப் போட்டால் 4.01. நாம் 2ல் போய் நிற்கவே இல்லை. அதன் பக்கத்தில் எவ்வளவு நெருங்கினாலும் விடை 4ன் பக்கத்தில்தான் இருக்கும் என்கிறோம். அவ்வளவுதான் எல்லை. இதை அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சம்.

சரி, இதில் வரலாறு எங்கே வருகிறது என்கிறீர்களா? எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உத்திரமேரூர் என்றால் எல்லாருக்கும் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டியது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் பார்க்கலாம். அதில் வாரியத்துக்கு நிற்கத் தகுதி என்ன தெரியுமா? இறை கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். படித்தவனாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். கால் என்பது 1/4, அரைக்கால் 1/8. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் கல்லில் வெட்டிய அதே பின்னங்களை எங்கள் தாத்தா காலம் வரை வாய்பாடாக ஒப்பித்திருக்கிறார்கள். வீசம் அல்லது மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அதோடு நிற்காமல் முந்திரியையும் 320 கூறாக்கி அதற்குக் கீழ்முந்திரி என்று பெயர் வைத்தார்கள். அது 1,02,400ல் ஒன்று.

ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் இந்தக் 'கீழ்' இன்னும் கீழே போகிறது. ஒரு வேலியை 5242 கோடியே 88 லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு வரை நிலத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். இன்றைய வேலி சுமார் 6.6 ஏக்கர் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். அந்தக் கூறு அரை சதுர மில்லிமீட்டர்! கோலை வைத்து யாரும் அதை அளந்திருக்க முடியாது. வகுத்துக்கொண்டே போனதில் காகிதத்தில் (மன்னிக்கவும், ஓலையில்) வந்த விடையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு 33.333 மாதிரி.

இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். 320ஐ எடுத்து வகுத்துப் பாருங்கள். 2ம் 5ம் மட்டுமே அதில் இருக்கின்றன, 3 கிடையாது. அந்த 5242 கோடியும் 320ஐ நான்கு முறை பெருக்கி அதை 5ஆல் பெருக்கியதுதான். அதிலும் 3 கிடையாது. அதாவது கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று எத்தனை பெயர் வைத்தாலும், எத்தனை 'கீழ்' போட்டாலும், மூன்றில் ஒன்றை இந்தப் பின்னங்களால் மிச்சமில்லாமல் எழுதவே முடியாது. 'மூன்றில் ஒரு பங்கு' என்று வாயால் சொல்லிவிடலாம். கணக்கில் இறக்கினால் கொஞ்சம் நிற்கும். அத்தை கேட்ட கேள்வி கால்குலேட்டரின் கோளாறு இல்லை. பின்ன முறையை மாற்றினாலும் அது நம்மைத் துரத்தும்.

அதே மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 500 வருஷத்துக்கு முன் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பெயர் நீலகண்ட சோமயாஜி. 1444ல் பிறந்தவர், ஊர் திருக்கண்டியூர். சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறினால் திரூரில் இறங்கிக்கொள்ளலாம், அதன் பக்கத்தில்தான். ஆரியபட்டீயத்துக்கு அவர் எழுதிய உரையில், வில்லுக்கும் நாணுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு கூட்டல் வருகிறது. 1/4, அதில் நான்கில் ஒன்று 1/16, அதில் நான்கில் ஒன்று 1/64, இப்படியே முடிவில்லாமல் கூட்டினால் 1/3 என்கிறார். நம் பெயர்களில் எழுதினால் கால், வீசம், கால்வீசம்... என்று போகும். (இந்தப் பெயர்களைப் போட்டது நான், அவர் இல்லை.)

இதில் விடையை விட அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகிறோமே, அது இந்த அளவைத் தாண்டாது என்பது எப்படித் தெரியும்? சரி தாண்டாது, ஆனால் இந்த அளவு வரை வந்தே தீரும் என்பது எப்படித் தெரியும்? இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

அவர் சொன்ன வழியை எங்கள் நிலத்தில் வைத்துப் பார்க்கிறேன். அத்தைக்கு மூன்றில் ஒன்று சேர வேண்டும். முதலில் கால் பங்கு, 25 சென்ட் கொடுக்கிறேன். பாக்கி 1/12. அடுத்து வீசம் கொடுக்கிறேன், மொத்தம் 31.25 சென்ட். பாக்கி 1/48. அடுத்து கால்வீசம், மொத்தம் 32.8125. பாக்கி 1/192. அதற்கடுத்த தவணைக்குப் பிறகு பாக்கி 1/768. ஒவ்வொரு முறையும் பாக்கி, கடைசியாகக் கொடுத்த தவணையில் சரியாக மூன்றில் ஒன்று. எப்போதும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதால் 1/3ஐத் தாண்டவே முடியாது. ஒவ்வொரு தவணையிலும் பாக்கி நான்கில் ஒன்றாகச் சுருங்குவதால், நீங்கள் எவ்வளவு சின்ன அளவைச் சொன்னாலும் ஒரு கட்டத்தில் பாக்கி அதையும்விடச் சின்னதாகிவிடும். அதனால் 1/3க்கு முன்னால் வேறு எங்கும் நிற்கவும் முடியாது. இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

கடன் அடைக்கிற கணக்கு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எனக்குப் பிடிபட்டது. பிளஸ் ஒன்னில் எக்ஸுக்குப் பதில் பாக்கித் தொகையைப் போட்டிருந்தால் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தேறியிருப்பார்கள்.

நீலகண்டர் தனி ஆள் இல்லை, ஒரு நீண்ட குரு சீடப் பரம்பரையில் வந்தவர். அதன் தொடக்கத்தில் இருப்பவர் சங்கமகிராமத்து மாதவன் (சுமார் 1340 முதல் 1425 வரை). சங்கமகிராமம் என்பது இன்றைய இரிஞ்ஞாலக்குடா என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். கணிதத்தில் அவர் கண்டதெல்லாம் சீடர்கள் எடுத்துச் சொன்னதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. நீலகண்டரின் காலத்தவரான ஜ்யேஷ்டதேவர் சுமார் 1530ல் 'யுக்திபாஷை' என்று ஒரு நூல் எழுதினார். சமஸ்கிருதத்தில் இல்லை, மலையாளத்தில். செய்யுளில் இல்லை, உரைநடையில். அதுவரை பெரும்பாலான கணித நூல்கள் விதியை ஒரு செய்யுளில் அடக்கிவிட்டு நகர்ந்துவிடும். இவர் ஒவ்வொரு விதிக்கும் ஏன், எப்படி என்று உட்கார வைத்துச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறார். 'யுக்தி' என்ற பெயரே அதனால்தான்.

அதில் எல்லை மதிப்புக் காணும் ஒரு முறை வருகிறது. 1 முதல் 10 வரை கூட்டினால் 55. பத்துப் பத்தாக பத்து முறை போட்டிருந்தால் 100. ஆக 0.55, பாதிக்குக் கொஞ்சம் மேல். 1 முதல் 100 வரை கூட்டினால் 5050, பத்தாயிரத்தால் வகுத்தால் 0.505. ஆயிரம் வரை போனால் 0.5005. பாதிக்கு மேல் தொங்குகிற அந்த அதிகப்படி 0.05, 0.005, 0.0005 என்று தேய்கிறது. ஒரு கோட்டை அணு அளவுத் துண்டுகளாக நறுக்கிவிட்டால் அந்த அதிகப்படி கணக்கிலேயே வராது, பாதி என்றே கொள்ளலாம் என்பது வாதம். அணு என்ற சொல்லைத்தான் அவரும் போடுகிறார். அடுத்து வர்க்கங்களைக் கூட்டுகிறார். 1 முதல் 10 வரை வர்க்கங்களின் கூட்டல் 385, ஆயிரத்தால் வகுத்தால் 0.385. நூறு வரை போனால் 0.33835. இது மூன்றில் ஒன்றை நோக்கிப் போகிறது. (மறுபடியும் அதே 1/3!) கனங்களுக்கு நான்கில் ஒன்று, நான்காம் அடுக்குக்கு ஐந்தில் ஒன்று. முந்தையதை வைத்து அடுத்ததை நிரூபித்துக்கொண்டே எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகலாம் என்கிறார்.

வட்டத்தின் சுற்றளவுக்காகத்தான் இத்தனை பாடும். வட்டத்தைச் சுற்றிச் சதுரம் போட்டு, சதுரத்தின் பக்கத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே உள்ள வில்லைக் கணக்கிட்டுக் கூட்டினால் கடைசியில் வருவது இது: விட்டத்தின் நான்கு மடங்கை எடு, அதில் மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி... இப்படியே. அந்த 1/3, 1/5, 1/7 எல்லாம் மேலே சொன்ன அடுக்குக் கூட்டல்களின் எல்லைகள்தான். இதே தொடர் ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரில் 1670களில் வருகிறது.

ஆனால் ஒரு சிக்கல். இந்தத் தொடர் நத்தை மாதிரி. பத்து உறுப்புகளைக் கூட்டினால் பை மதிப்பு 3.0418தான் வரும், முதல் தசம இடத்திலேயே தப்பு. ஆயிரம் உறுப்புகள் போட்டாலும் மூன்றாவது இடத்தில் உதைக்கும். மாதவன் வழி வந்தவர்கள் இங்கே செய்த காரியம் ஒரு காமர்ஸ் மாணவனாக என்னைக் கவர்ந்தது. நிறுத்துகிற இடத்தில் மிச்சம் தோராயமாக எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு, அதைக் கடைசியில் சேர்த்துவிடுகிறார்கள். பத்து உறுப்போடு நிறுத்தினால் சேர்க்க வேண்டியது 10ஐ 401ஆல் வகுத்து (நான்கு முறை பத்தின் வர்க்கம், கூட ஒன்று) அதன் நான்கு மடங்கு, அதாவது 0.09975. சேர்த்தால் 3.14159! நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வருஷக் கடைசியில் வராத பில்லுக்கும் ஒரு தொகை ஒதுக்கிக் கணக்கை முடிப்பார்களே, அந்த மாதிரி. மாதவன் பெயரில் சொல்லப்படும் சுற்றளவுக் கணக்கு 90,000 கோடி விட்டம் கொண்ட வட்டத்துக்குக்கூடச் சில அலகுகளுக்குள் சரியாக வருகிறது. பையில் 3.14159265359 வரை.

இவ்வளவும் பிறகு எங்கே போயிற்று? ஓலையிலேயே இருந்தது. மலபாரில் கம்பெனி உத்தியோகம் பார்த்த சார்லஸ் விஷ் என்ற ஆங்கிலேயர் இந்த ஓலைகளைத் தேடிப் பிடித்துப் படித்தார். ஜான் வாரன் 1825ல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' என்ற பஞ்சாங்க ஆராய்ச்சி நூலில் இது பற்றிய அன்றைய பேச்சு வருகிறது. இந்தத் தொடர்கள் இந்துக்கள் கண்டதாக இருக்க முடியாது, ஐரோப்பியர் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பது ஹைன் என்ற அதிகாரியின் கட்சி. விஷ் விடவில்லை. யுக்திபாஷை உட்பட நான்கு நூல்களைக் காட்டி எழுதிய அவருடைய கட்டுரை லண்டன் ராயல் ஏசியாடிக் சங்கத்தின் இதழில் 1834ல் வந்தது. அதற்கு முந்தின வருஷமே கடப்பையில் அவர் இறந்துவிட்டார், வயது நாற்பதுகூட ஆகவில்லை. கட்டுரையை நூறு வருஷத்துக்கு மேல் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை.

மறுபடி தூசி தட்டியவர்களில் முக்கியமானவர் சென்னை கணித அறிஞர் சி.டி.ராஜகோபால். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், பின்னால் ராமானுஜன் கணித நிலையத்தின் இயக்குநர். 1944ல் முகுந்த மாரார் என்பவரோடு சேர்ந்து விஷ் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கி, 1970கள் வரை விடாமல் எழுதினார். யுக்திபாஷையின் கணிதப் பகுதி 1948ல் திருச்சூரில் அச்சானது. 1953ல் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகமும் ஒரு பதிப்பு கொண்டுவந்தது. கே.வி.சர்மா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த முழு நூல் வெளிவந்தது 2008ல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து.

இதையெல்லாம் படித்தவுடன், "கால்குலஸை நாமதான் கண்டுபிடிச்சோம், வெள்ளைக்காரன் திருடிட்டான்" என்று பார்வர்டு பண்ண ஆசை வரும். எனக்கும் ஒரு நாள் வந்தது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு இது போனது என்பதற்கு இதுவரை நேரடி ஆதாரம் கிடைக்கவில்லை. தவிர, கேரளத்தார் வட்டம், வில், நாண் இவற்றுக்காகக் கண்ட வழி இது. எந்தச் சார்பை எடுத்தாலும் வகையிடலாம், தொகையிடலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்ற பொது முறை நியூட்டன், லைப்னிட்ஸ் இருவருடையதுதான். அவர்களுக்கும் எல்லை என்ற கருத்து தெளிவாகக் கையில் இல்லை. பூஜ்யமும் இல்லாத, பூஜ்யம் இல்லாமலும் இல்லாத அந்தச் சின்ன அளவுகளை 1734ல் பெர்க்லி பாதிரியார் கிழிகிழியென்று கிழித்தார். கோஷி 1821ல் எழுதிய பாடநூலுக்கும், பிறகு வையர்ஸ்ட்ராஸுக்கும் பிறகுதான் அங்கே இது ஒரு நிலைக்கு வந்தது. அதனால்தான் நீலகண்டரின் அந்த இரட்டைக் கேள்வியை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

போகிற போக்கில் ஒன்று. லோபிதாலின் விதி என்று நாம் மனப்பாடம் செய்வது லோபிதால் கண்டதே இல்லை. ஜோகன் பெர்னூலி என்ற இளைஞருக்கு ஆண்டுக்கு 300 லிவர் தருவதாக 1694ல் ஒப்பந்தம் பேசி, அவர் கண்டுபிடிப்புகளை வாங்கிக்கொண்டார் அந்தப் பிரபு. 1696ல் புத்தகம் போட்டார். பெர்னூலி பிறகு புலம்பியதைப் பலர் நம்பவில்லை. அவருடைய பழைய பாடக் குறிப்புகள் 1920களில் அச்சானபோதுதான் உண்மை உறுதியானது. ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எங்கள் வகுப்பில் இதை ஒரு வழக்காகவே நடத்தலாம்.

பாகப்பிரிவினை என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. சர்வேயர் வந்தார். 99.99 கதையை அத்தை அவரிடமும் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சங்கிலியை இழுத்து அளந்து இரண்டு இடத்தில் எல்லைக்கல் நட்டார். நிலத்தின் அகலம் 130 அடி. மூன்று பங்குக்கு நடுவே இரண்டு வரப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். ஆக வரப்புக்கே 390 சதுர அடி போய்விட்டது. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த மிச்சத்தைப் போல சுமார் 90 மடங்கு. சித்தப்பா வரப்பில் துவரை போடலாம் என்கிறார். அது யாருக்கு என்று அத்தை இன்னும் கேட்கவில்லை.